கேட்காத டிங்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டி விற்கும் ஒரு கம்பெனியின் பால் நிலையத்தில், திங்கட்கிழமை மத்தியானம் இரண்டாம் நம்பர் தொட்டிப் பால் மொத்தமும் கெட்டுப்போயிற்று. அடுப்பில் ஏற்றிய கொஞ்ச நேரத்தில் கடாயில் தண்ணீர் தனி, கட்டி தனி என்று பிரிந்து நிற்க, கிண்டுகிறவர்கள் துடுப்பைச் சாய்த்து வைத்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கெட்டது என்னவோ பால்தான். மேனேஜர் தங்கப்பாண்டியன் விசாரிக்கப் புறப்பட்டதோ, பால் சோதிக்கிற ஜெயசித்ராவின் காதை.

தங்கப்பாண்டியன் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருடனைப் பிடித்த கையல்ல அவருடையது. பிடித்துக்கொண்டு வந்தவனின் வாக்குமூலத்தை, அவன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுதி முடிக்கிற கை. ஒரு மாதத்துக்கு முன்பு இங்கே மேனேஜராக வந்தபோது அவருக்குத் தொட்டி எது, கம்ப்ரசர் எது என்று தெரியாது. இப்போதும் தெரியாது. ஆனால் நாற்காலியில் அவர் சாய்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால், வத்திராயிருப்புப் பக்கத்து மாடெல்லாம் இவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் கறக்க நிற்கின்றன என்று தோன்றும்.

"டிங் வந்திருக்கு," என்றார் அவர். "பதினொண்ணு இருபதுக்கு, தொட்டியில குளிர் குறைஞ்சிருச்சுன்னு. கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கு. அப்ப நீ எங்க இருந்த?"

"டெஸ்ட் மேசையில சார். வ. புதுப்பட்டி வண்டிப் பாலைப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள் ஜெயசித்ரா.

"மேசைக்கும் கம்ப்யூட்டருக்கும் எம்புட்டு தூரம்?"

"ஆறடி இருக்கும்."

"ஆறடி. அப்ப டிங் உனக்குக் கேட்டிருக்கணும்."

"வந்திருந்தா கேட்டிருக்கும். வரல."

"ஏம்மா, எதுக்குக் கத்துற? நான் எதுத்தாப்புலதான இருக்கேன்."

"கத்தல சார். பேசுதேன்."

உண்மைதான். அது அவள் பேசுகிற குரல். ஜெயசித்ரா ராஜபாளையத்துக்காரி. அங்கே ஒரு நூற்பாலையில் பதினாறு வருடம் ரிங் பிரேம் ஓட்டியவள். ஆயிரம் கதிர்கள் ஒன்றாகச் சுற்றுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவளிடம் "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கே நெஞ்சிலிருந்து குரல் எடுக்கவேண்டும். மில்லை விட்டு வந்து நாலு வருடம் ஆகியும் அந்தக் குரல் இறங்கவில்லை. உரக்கப் பேசுகிறவளுக்குக் காது மந்தம் என்று ஊரே ஒரு முடிவு கட்டி வைத்திருக்கிறது. மில்லுக்காரி என்றால் கேட்கவே வேண்டாம். பஸ்ஸில் கண்டக்டர்கூட அவளிடம் சைகையில்தான் சில்லறை கேட்பான். ஆனால் அவளோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த ஆயிரம் கதிரில் ஒரே ஒரு கதிர் சுருதி மாறிச் சுற்றினால், பிரேமுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே "இந்தா, இங்க ஒண்ணு முனங்குது" என்று விரலை நீட்டுவாள். பிட்டர் வந்து பார்த்தால் அதுதான் தேய்ந்துபோயிருக்கும்.

இதையெல்லாம் தங்கப்பாண்டியனிடம் யார் சொல்வது? அவர் அதற்குள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதி முடித்து, அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

'எனக்குச் செவித்திறன் குறைவாக உள்ள காரணத்தால், மேற்படி கணினி எழுப்பிய எச்சரிக்கை ஒலியைக் கவனிக்கத் தவறி, மேற்படி பால் சேதத்துக்கு நானே காரணமானேன் என்பதை யாருடைய தூண்டுதலும் இன்றி முழு மனதுடன் எழுதிக் கொடுக்கிறேன்.'

ஜெயசித்ரா நிதானமாகப் படித்தாள். "யாரு தூண்டுதலும் இல்லாமன்னு போட்டிருக்கு. எழுதினது நீங்கல்லா?"

"அது சட்ட பாஷை. உனக்குப் புரியாது. சனிக்கிழமை அண்ணாச்சி வாராரு. அதுக்குள்ள கையெழுத்துப் போட்டு வச்சிரு. போட்டா கேன் கழுவுற வேலையாச்சும் மிஞ்சும். போடலேன்னா அதுவும் இல்ல."

அவள் தாளை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கேன் கழுவுவது அவளுக்கு ஒன்றும் கேவலமில்லை. ஆனால் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரை இருக்கிற கம்பெனிகளுக்கெல்லாம் மேனேஜர்கள் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், பழைய ஸ்டேஷன் கூட்டாளி. காது கேட்காமல் பாலைக் கெடுத்தவள் என்று தானே எழுதிக் கொடுத்த ஒருத்தியை, ஓடுகிற எந்த இயந்திரத்துக்குப் பக்கத்திலும் இனி எவனும் நிறுத்தமாட்டான். லோடு ஏற்றி இடுப்பு போன புருஷன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு வயது நாற்பத்தி நாலு. இன்னும் பதினைந்து வருடம் உழைத்தாகவேண்டிய உடம்பு. அந்த உடம்பில் ஒரு குறையும் இல்லாத இரண்டு காதையும் செத்ததாக எழுதித் தரச் சொல்கிறான் ஒருவன்.

கேளுங்கள், கண்ணுகளா, அந்தக் கம்ப்யூட்டரின் லட்சணத்தையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும்.

அதில் லினக்ஸ் போட்டிருந்தது. லினக்ஸ் என்றால் வைரஸ் வராது என்று யாரோ முதலாளி பாண்டிதுரை அண்ணாச்சியிடம் சொல்லியிருக்கிறார்கள். வைரஸுக்கும் ஒரு தராதரம் இருக்குமல்லவா, அந்த டப்பாவுக்குள் அது வரவே இல்லை. பால் தொட்டிகள் மூன்றிலும் பக்கவாட்டுக் குழலுக்குள் ஆளுக்கொரு சென்சார் செருகியிருக்கும். பால் நாலு டிகிரியில் இருக்கவேண்டும். கம்ப்ரசர் நின்று குளிர் குறைந்து ஆறைத் தாண்டினால், கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் சின்னதாக ஒரு கட்டம் தோன்றி, 'டிங்' என்று ஒரு சத்தம் வரும். கட்டம் நாலைந்து நொடியில் மறைந்துவிடும். சத்தமும் ஒரே தடவைதான். இன்னொரு தடவை கூப்பிட்டால் அதற்கு மானம் போய்விடும் போலிருக்கிறது. தொட்டியிலேயே குளிரைக் காட்ட இருக்கிற முள்ளும் வட்டமும் எந்தக் காலத்திலோ செத்து, இருபதைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆகவே டெஸ்ட் மேசையில் முதுகைக் காட்டி நின்று வண்டி வண்டியாக வருகிற பாலைச் சோதிக்கிற ஜெயசித்ராவுக்கு, அந்த டிங் ஒன்றுதான் துணை. திங்கட்கிழமை அது வரவில்லை. கம்ப்ரசர் நின்றது தெரியாமல், வெதுவெதுப்பான காலைப் பாலைக் கேன் கேனாக அதே தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கப்பாண்டியன் தாமே ஒரு காதுப் பரிசோதனை நடத்தினார். ஜெயசித்ரா மேசையில் குனிந்திருந்தபோது பூனைபோல் பின்னால் வந்து நின்று, காதுக்குப் பக்கத்தில் விரலைச் சொடுக்கினார். ஒரு தடவை. பிறகு இன்னொரு தடவை. அவள் திரும்பவில்லை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றியபோதே அவளுக்குக் கேட்டது. மூச்சு வாங்குவதும் கேட்டது. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிடத் துப்பில்லாமல் முதுகுக்குப் பின்னால் சொடுக்குகிறவனுக்குத் திரும்பிப் பார்க்கவேண்டுமா? ராஜபாளையத்தில் நாய்கூட அப்படித் திரும்பாது.

"பாத்தியா பால்சாமி," என்றார் அவர், கேன் இறக்கிக்கொண்டிருந்தவரிடம். "நீதான் சாட்சி. ரெண்டு தடவை சொடுக்கிட்டேன். அசையல."

பால்சாமி அம்பது வயதுக்காரர், அந்த நிலையம் தொடங்கிய நாளிலிருந்து அங்கே கேன் தூக்குகிறவர். "எனக்கும் கேக்கல சார்," என்றார். "என் காதையும் எழுதிக்கிடுதியளா?"

புதன்கிழமை கம்ப்யூட்டர் பார்க்கிற கௌதம்ராஜை வரவழைத்தார்கள். ராஜபாளையத்தில் கடை வைத்திருக்கிறவன், முப்பது வயது. பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு, ஒரு காதில் இயர்போன் சொருகியபடியே வந்தான். சத்தம் கேட்கிறதா என்று பார்க்க வந்தவன், வேலை முடிகிறவரை அதைக் கழற்றவே இல்லை.

வந்ததும் அவன் செய்த முதல் காரியம், ஒரு அம்மன் பாட்டைத் தேடியெடுத்து ஸ்பீக்கரில் அலறவிட்டது. கோயில் கொடையாகட்டும், கல்யாண மண்டபமாகட்டும், ஓட்டுக் கேட்க வருகிற ஜீப்பாகட்டும், நம் பக்கத்தில் சத்தத்தைச் சோதிப்பதென்றால் பாட்டைப் போட்டுத்தான் சோதிப்பார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. பால் கேன்களின் மூடிகள் கூடவே தாளம் போட்டன. பாட்டை நிறுத்திய கையோடு சோதனைப் பொத்தானை அமுக்கினான். டிங் என்று கணீரென வந்தது.

"நல்லா வருதே," என்றான்.

"இப்ப வருது," என்றாள் ஜெயசித்ரா.

அவன் சத்தத்துக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, ஒரு கோட்டில் அம்புக்குறியை வைத்துக் காட்டினான். "இங்க பாருங்க சார். மொத்த வால்யூம் வேற, நோட்டிபிகேஷன் சத்தத்துக்கு வால்யூம் வேற. மேல உள்ளதை எம்புட்டு கூட்டினாலும் இது தனியாத்தான் கெடக்கும். யாரோ எப்பவோ குறைச்சிருக்காங்க. நாப்பதுல நிக்குது. லினக்ஸ் ஒரு தடவ வச்சதை மறக்காது." கோட்டின் கடைசி வரை தள்ளி நூறாக்கினான். பாட்டை இன்னொரு வரி அலறவிட்டு நிறுத்தினான். மறுபடி அமுக்கினான். டிங், இன்னும் பெரிதாக.

"அப்ப கோளாறு என் காதுல இல்ல," என்றாள் ஜெயசித்ரா.

"நாப்பதுலயும் நல்ல காதுக்குக் கேக்கும்க்கா."

தங்கப்பாண்டியன் முகத்தில் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. "அதைச் சொல்லு. நிபுணரே சொல்லியாச்சு."

அந்த நேரத்தில் நிபுணருக்குப் போன் வந்தது. அவன் அவளைப் பார்த்துக்கொண்டே தெலுங்கில் யாரிடமோ சொன்னான். கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை, இங்கே ஒரு பொம்பளை இருக்கிறாள், ஆமெக்கு செவுடு, அதற்காக என்னை இழுத்தடிக்கிறார்கள் என்று. மில்லில் பதினாறு வருடம் தெலுங்கு பேசுகிற பெண்களுக்கு நடுவில் நின்றவள் ஜெயசித்ரா. அவர்கள் சண்டை போட்டால் சமாதானம் செய்து வைக்கிற அளவுக்கு அந்தப் பாஷை அவளுக்கு வரும்.

"செவுடு லேது தம்பி," என்றாள், பாலின் தரம் பார்க்கிற பால்மானியை மிதக்கவிட்டபடியே. "இருக்கிற ரெண்டு காதுல ஒண்ணை அடைச்சுக்கிட்டு வந்தது நீதான்."

கௌதம்ராஜ் இயர்போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பிறகு பையை மாட்டிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, அவள் தற்செயலாகத் திரும்பியபோது திரையின் மூலையில் கட்டம் நின்றது. தொட்டி ஒன்று, ஆறு புள்ளி இரண்டு. சத்தம் இல்லை. மூச்சில்லை. நூறில் வைத்த வால்யூம் நூறிலேயே இருக்கிறது. அவள் ஓடிப்போய்க் கம்ப்ரசரின் பொத்தானை அமுக்கி ஓடவிட்டாள். பால் தப்பியது. அடுத்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"கட்டம் வந்துச்சு சார், டிங் வரல. கண்ணால பாத்தேன்."

"கண்ணால பாத்தேன்னு சொல்ற. காதால கேக்கலேன்னு சொல்ற. நான் எழுதினதைத்தான நீயும் சொல்ற?"

இருந்தாலும் அவர் எழுந்து வந்தார். சோதனைப் பொத்தான்மேல் அம்பை வைத்து, பூட்டிய கதவைத் தட்டுகிறவர்போல் மௌஸை டக், டக், டக் என்று மூன்று தடவை தட்டினார். டிங், டிங் என்றது.

"இந்தா வருதுல்ல."

"மூணு தடவ தட்டுனிய சார். ரெண்டுதான் வந்துச்சு."

"மௌஸ் ஒண்ணு சரியா அமுங்கிருக்காது. போம்மா, வேலையப் பாரு. டிங்கை எண்ணிக்கிட்டு இருக்கா."

அவர் போய்விட்டார். அவளோ அங்கேயே நின்றாள். மூன்றில் எது வரவில்லை? அவளுக்குத் தெரியும், முதலாவது. அறுந்த நூலைத் தேடுகிற மாதிரி அவள் மனசு அந்த முதல் தட்டலைப் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தடவை அமுக்கினாள். ஒன்றுமில்லை. உடனே இன்னொரு தடவை. டிங். பிறகு கையை எடுத்துவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணி அமுக்கினாள். டிங். ஐந்து எண்ணினாள். டிங். பத்து எண்ணி அமுக்கினாள். இல்லை. பதினைந்து. இல்லை. இருபது எண்ணி, ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டு அமுக்கினாள். அப்போது ஒன்று கேட்டது: டிங்கின் கடைசி நுனி, நூல் தூசி அளவுக்கு ஒரு சின்ன 'ங்'. முன்பாதி காணோம்.

அவளுக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. கரண்டு போய் வந்தால் ரிங் பிரேம் என்ன செய்யும்? பொத்தானை அமுக்கின உடனே ஓடாது. முனகி, நெளிந்து, வேகம் பிடிப்பதற்குச் செத்த நேரம் ஆகும். அதற்குள் வருகிற நூலெல்லாம் கழிவு. இதுவும் அப்படித்தான். சத்தம் இல்லாமல் பத்து நொடி விட்டால் உள்ளே எதுவோ தூங்கிவிடுகிறது. டிங் வரும்போது அது கண்ணைக் கசக்கி எழுந்திருக்கிறது. எழுந்து வாயைத் திறப்பதற்குள் டிங் தீர்ந்துபோகிறது. பாட்டைப் போட்டுச் சோதிக்கிறவனுக்கு இது எப்படி அகப்படும்? அவன்தான் முதலில் ஊரைக் கூட்டி அதை எழுப்பிவிட்டுவிடுகிறானே.

கௌதம்ராஜுக்குப் போன் போட்டாள். "தம்பி, செத்த நேரம் சத்தமே இல்லாம விட்டுட்டு அமுக்கிப் பாத்தியா?"

"அதெல்லாம் எதுக்குக்கா? நான் சவுண்ட் செக் பண்ணிட்டேன். எனக்கு இங்க ஆயிரம் வேலை கெடக்கு," என்று வைத்துவிட்டான்.

சாப்பிட்டுவிட்டு வந்த பால்சாமி அவள் எண்ணுவதையும் அமுக்குவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "முன்னெல்லாம் நல்லாத்தானம்மா கேக்கும். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே நடுவுல ணங்குன்னு விழுமே. நம்ம ஏட்டய்யா மேனேஜரா வந்து பாட்டை நிறுத்துனதுலேர்ந்து இந்த எடமே எழவு வீடு மாதிரி ஆயிப்போச்சு."

ஜெயசித்ராவின் விரல் மௌஸின் மேல் அப்படியே நின்றது.

நாலு வருடமாக அந்தக் கம்ப்யூட்டரில் காலை முதல் சாயந்திரம் வரை மெதுவாகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பால்சாமிதான் போடுவார். தங்கப்பாண்டியன் பொறுப்பேற்ற முதல் நாள் உள்ளே நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இது ஆபீஸா, டீக்கடையா?" என்பது. அன்றைக்கே சுவரில் உத்தரவு ஒட்டினார். அன்று முதல் அந்த இடத்தில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததால் அந்த டப்பா தூங்கத் தொடங்கியது. ஒரு மாதமாக வந்த ஒன்றிரண்டு எச்சரிக்கைகளும் அவள் திரைக்கு எதிரே இருந்தபோது வந்ததால் கண்ணால் பார்த்துச் சமாளித்திருக்கிறாள். சத்தத்தைப் பற்றி நினைக்கவே தோன்றவில்லை.

பால்சாமியிடம் ஒரு பாட்டைப் போடச் சொன்னாள், பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத அளவு மெதுவாக. ஐம்பது எண்ணினாள். அமுக்கினாள். டிங். பாட்டை நிறுத்தச் சொன்னாள். பத்து எண்ணினாள். அமுக்கினாள். இல்லை. ஒன்பது தடவை செய்து பார்த்தாள், ஒன்பதும் அதேபோல். அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு டெஸ்ட் மேசைக்குப் போனாள்.

"ஏட்டய்யாகிட்டப் போய்ச் சொல்லும்மா," என்றார் பால்சாமி.

"அவருகிட்டயா? சொன்னா அதுக்கும் ஒரு தாளு எழுதுவாரு. அண்ணாச்சி வரட்டும்."

சனிக்கிழமை பத்து மணிக்குப் பாண்டிதுரை அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு போன், எந்த விஷயமும் தான் உட்காருவதற்குள் முடிந்துவிட வேண்டும் என்கிற முகம். நிபுணர் சாட்சியாக இருக்கட்டும் என்று தங்கப்பாண்டியன் கௌதம்ராஜையும் வரவழைத்திருந்தார். மேசைமேல் டீ வந்தது. பக்கத்தில் புதிதாக எழுதிய தாள் ஒன்றும் இருந்தது. நிபுணரின் கூற்று, சொடுக்கிய விரலின் கூற்று எல்லாம் சேர்ந்து அது ஒரு பக்கத்துக்கு வளர்ந்திருந்தது.

"ஏம்மா, போட்டுட்டுப் போயேன்," என்றார் அண்ணாச்சி. "எதுக்கு வம்பு? கேன் கழுவுற எடத்துல உன்னை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"போடுதேன் அண்ணாச்சி. ரெண்டு நிமிஷம் எனக்காகக் கம்ப்யூட்டர்கிட்ட வந்து நில்லுங்க. அப்பவும் என் காதுதான் செவிடுன்னு நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடுதேன்."

மூவரும் வந்து நின்றார்கள். கௌதம்ராஜ் பழக்க தோஷத்தில் பாட்டைத் தேடக் கையை நீட்டினான்.

"பாட்டு வேண்டாம் தம்பி. கையைக் கட்டிக்கிட்டு நில்லு. அதையும் காதுலேர்ந்து கழட்டு."

கழற்றினான். தங்கப்பாண்டியன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். ஜெயசித்ரா மேனேஜர் அறைக்குள் போய், அவர் இன்னும் வாய் வைக்காத டீ டம்ளரை எடுத்துவந்து, தொட்டிப் பக்கம் நின்ற பால்சாமியிடம் கொடுத்தாள். பால்சாமி முதல் தொட்டியின் குழலிலிருந்து சென்சாரை உருவி, நிதானமாக அந்த டீக்குள் இறக்கினார்.

"அது என் டீ," என்றார் தங்கப்பாண்டியன்.

"பேசாதிய சார். டிங் காதுல விழாமப் போயிரும்."

திரையின் மூலையில் கட்டம் வந்தது. தொட்டி ஒன்று, ஐம்பத்தெட்டு டிகிரி. எல்லோரும் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். ஸ்பீக்கர் அவர்களைப் பார்த்தது. கட்டம் மறைந்தது.

"டிங் எங்க?" என்றார் அண்ணாச்சி.

"வந்திருக்கும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல பதிவாயிருக்கும், வேணும்னா பாருங்க. உங்களுக்குக் கேக்கலையா?"

"இல்லையே."

"சாருக்கு?"

தங்கப்பாண்டியன் தன் டீ டம்ளரைப் பார்த்தார்.

"தம்பிக்கு?"

கௌதம்ராஜ் தலையை ஆட்டினான், இல்லை என்று.

ஜெயசித்ரா இடுப்பில் செருகியிருந்த தாள்களை எடுத்தாள். மூன்று தாள். மூன்றிலும் அவள் கையெழுத்தில் ஒரே வாசகம்: எனக்குச் செவித்திறன் குறைவாக உள்ள காரணத்தால். வரிக்கு வரி தங்கப்பாண்டியன் எழுதியதுதான், ஒரு எழுத்து மாறவில்லை.

"மூணு பேருக்கும் எழுதியே வச்சிருக்கேன். பேரை மட்டும் போட்டு, முழு மனசோட கையெழுத்துப் போடுங்க. யாரும் தூண்டல."

பால்சாமி தொட்டிக்குப் பின்னால் போய்த் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அண்ணாச்சி தாளை வாங்கிப் படித்தார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் படவேண்டும் என்று தெரியாமல் அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கௌதம்ராஜ்மேல் விழுந்தது.

"ஏலே, நீதான சரி பண்ணிட்டேன்னு சொன்ன?"

"வால்யூம் நூறுலதான் அண்ணாச்சி இருக்கு." அவன் மௌஸை அமுக்கினான். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினான். டிங்.

"பத்து எண்ணிட்டு அமுக்கு," என்றாள் ஜெயசித்ரா. "பாட்டுப் போட்டு எழுப்பி விட்டுட்டு, முழிச்சுக்கிட்டு இருக்கான்னு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போன. தூங்கும்போது வந்து பாக்கணும்னு தோணலியே உனக்கு."

அவன் எண்ணினான், அமுக்கினான், வாயைப் பிளந்தான். பிறகு அது தனக்கு எப்போதோ தெரிந்த விஷயம் என்பதுபோல் விளக்க ஆரம்பித்தான். சவுண்ட் கார்டு கரண்டை மிச்சம் பிடிக்கச் சும்மா இருக்கும்போது தூங்கிவிடுமாம். லினக்ஸில் அப்படி ஒரு ஏற்பாடு உண்டாம். பாட்டென்றால் முதல் அரை நொடி போனாலும் தெரியாது, டிங் மொத்தமே அரை நொடிதானாம். கருப்புத் திரையைத் திறந்து, தூங்காதே என்று ஒரே ஒரு வரி எழுதி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். பால்சாமி சென்சாரைக் குளிரவைத்து மறுபடி டீக்குள் இறக்கினார். டிங் என்று தகரக் கூரை வரை போய்த் திரும்பியது.

"ஒரு வரி," என்றாள் ஜெயசித்ரா. "புதன்கிழமையே எழுதியிருக்கலாம்."

"சரி, சரி. மெஷின் கோளாறு. விடுங்க," என்று போனை எடுத்தார் அண்ணாச்சி. பிறகு எதுவோ இடறியதுபோல் நின்றார். "ஏம்மா, நாலு வருஷமா நல்லாத்தான கேட்டுச்சு?"

"நாலு வருஷமா பாட்டு ஓடுச்சு. பாட்டு ஓடுத வரைக்கும் அது தூங்காது."

"பாட்டை யாரு நிறுத்துனா?"

பால்சாமி சுவரில் ஒட்டியிருந்த உத்தரவைப் பார்த்தார். அண்ணாச்சியும் பார்த்தார். கீழே கையெழுத்தும் முத்திரையும் தெளிவாக இருந்தன.

"ஒழுங்குக்காகச் செஞ்சது அண்ணாச்சி," என்றார் தங்கப்பாண்டியன். "ஸ்டேஷன்ல எல்லாம் நாங்க…"

"இது ஸ்டேஷன் இல்ல. பாலு." அண்ணாச்சி ஜெயசித்ரா பக்கம் திரும்பினார். "சரிம்மா, தெரிஞ்சு போச்சுல்ல. உன் வேலை உனக்கு. போ, போய்ப் பாரு."

அவள் போகவில்லை. "என் காது செவிடுன்னு எழுத்துல இருக்கு அண்ணாச்சி. வாய்ச் சொல்லால அது போவாது. எழுதினவியளே எழுத்தால எடுக்கட்டும்."

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் சாயந்திரம் வரை அங்கேயே நிற்பாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. "எழுதிக் குடுங்க," என்றார் தங்கப்பாண்டியனிடம்.

இருபத்தெட்டு வருடம் அடுத்தவன் வாக்குமூலத்தை எழுதிய கை அன்றைக்குத் தன்னுடையதை எழுத உட்கார்ந்தது. பேனா ஓடவே இல்லை. இரண்டு தடவை தாளை மாற்றினார். ஒருவழியாக முடித்து நீட்டினார். ஜெயசித்ரா நின்றபடியே படித்தாள்.

'சில நிர்வாகக் காரணங்களால் பாடல் நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து, கணினியில் ஒலி வராத நிலை ஏற்பட்டு…'

"யாரு நிறுத்துனான்னு இல்லையே."

"அதெல்லாம் எழுதணும்னு அவசியம் இல்லம்மா."

"என் தாள்ல 'நானே காரணமானேன்'னு மறக்காமப் போட்டியளே."

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி போனில் வேறு யாரிடமோ பேசத் தொடங்கியிருந்தார். கௌதம்ராஜ் பையை மாட்டிக்கொண்டு அதன் வாரை ரொம்பக் கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தான். தங்கப்பாண்டியன் தாளை இழுத்து, 'சில நிர்வாகக் காரணங்களால்' என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே இடுக்கில் 'எனது உத்தரவின் பேரில்' என்று எழுதினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்கு எழுத்தைச் சுருக்கினார். ஜெயசித்ராவின் காதில் ஒரு குறையும் இல்லை என்ற ஒரு வரியையும் கடைசியில் அதே அளவில் ஒட்டவைத்தார்.

அவள் தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசலில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிளவக்கல் பக்கத்து வண்டி உள்ளே திரும்பி, கேன்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பால்சாமி இறக்கப் போனார்.

"தேதி போடல சார்," என்றாள். "தேதி போட்டுக் குடுங்க. பாலு வந்துட்டு, நான் போகணும்."